தாளும் அதன் சுற்றமும்

மனிதர் ஒருவர் மறைந்த பின்னர் அவருடைய நிலமும் வீடும் பங்கிடப்படுகின்றன. ஆடைகள் ஏழைகளுக்கு வழங்கப்படுகின்றன. இறுதியில் எஞ்சி நிற்பவை தாள்கள். கடிதங்கள், கணக்குக் குறிப்புகள், நாட்குறிப்பேடுகள், பாதி எழுதி நிறுத்திய விண்ணப்பங்கள் முதலியன ஒரு தகரப் பெட்டியிலோ பரணிலோ கட்டுகளாகக் கிடக்கும். இவற்றை என்ன செய்வது என்னும் வினாவுக்கு நம் இல்லங்களும் நிறுவனங்களும் பெரும்பாலும் அறிந்த விடை, பழைய காகிதம் வாங்குபவரை அழைப்பதே. சற்று அக்கறை மிகுந்தோர் வேறொன்று செய்கின்றனர். பெட்டியைத் திறந்து, கட்டுகளை அவிழ்த்து, கடிதங்களை ஒருபுறமும் கணக்குகளை மறுபுறமும் பிரித்து, பொருள்வாரியாக அழகுற அடுக்கி வைக்கின்றனர்.

முன்னவர் செய்வது அழிவு என்பதை எவரும் அறிவர். பின்னவர் செய்வதும் ஒருவகை அழிவே என்பதைக் கற்றோர் உலகம் உணர்வதற்கு நெடுங்காலம் பிடித்தது. அவ்வுணர்வு எவ்வாறு பிறந்தது, ஆவணக் காப்பகங்கள் தம்மிடம் வந்து சேரும் தாள்களை இன்று எந்நெறிப்படி ஒழுங்குபடுத்தி விவரிக்கின்றன, அந்நெறி நமக்கு எதைக் கற்பிக்கிறது என்பனவற்றை இங்குச் சிந்திப்போம்.

நூலும் ஆவணமும்

நூலகமும் ஆவணக் காப்பகமும் மேலோட்டமாக நோக்குவார்க்கு ஒன்றுபோல் தோன்றும். இரண்டிலும் அலமாரிகள், அட்டவணைகள், அமைதியாக அமர்ந்து படிப்போர். ஆயினும் இரண்டின் இயல்பும் வேறு. நூல் என்பது பலரும் படிப்பதற்கென்றே ஆக்கப்படுவது. அதற்கு ஆசிரியர் பெயருண்டு, தலைப்புண்டு, பெரும்பாலும் படிகள் பலவுண்டு. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து தேடிய ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் தெளிந்தார். ஒரு சுவடியில் சிதைந்த அடியை இன்னொரு சுவடி காத்து வைத்திருந்தது.

கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது ஒருவர் ஒருவருக்கு எழுதியது. பெரும்பாலும் ஒரே படியாக இருப்பது. எழுதியவரும் பெற்றவரும் முன்னரே அறிந்தவற்றை அது மீண்டும் சொல்வதில்லை. ‘தாங்கள் குறிப்பிட்ட தொகை வந்து சேர்ந்தது, மற்றதை நேரில் பேசிக்கொள்வோம்’ என்று ஒரு கடிதம் இருப்பதாகக் கொள்வோம். எந்தத் தொகை? எது அந்த மற்றது? விடை அக்கடிதத்தில் இல்லை. அதற்கு முன்னர் வந்த கடிதத்திலோ, அதனோடு மடித்து வைத்த ரசீதிலோதான் இருக்கும். நூல் தனித்து நின்று பேசும். ஆவணமோ தன் சுற்றத்தோடு இருக்கும்போதுதான் பேசும்.

வறண்ட நிலப்பகுதி ஒன்றில் பணியாற்றிய பங்குத்தந்தை ஒருவரின் பெட்டியைக் கற்பனை செய்வோம். அதில் ஒரு கட்டு. கட்டுக்குள் நான்கு தாள்கள். மழை பொய்த்ததைக் கூறி ஆயருக்கு எழுதிய மடலின் நகல், ஆயர் இல்லத்திலிருந்து வந்த இரண்டு வரிப் பதில், அரிசி மண்டியின் ரசீது, நாற்பது குடும்பத் தலைவர்களின் பெயர்ப்பட்டியல். நான்கும் ஒரே நூலால் கட்டப்பட்டிருக்கும் வரை அது ஒரு பஞ்சகால அறப்பணியின் வரலாறு. நல்லெண்ணம் படைத்த ஒருவர் வந்து மடல்களைக் ‘கடிதங்கள்’ என்னும் உறையிலும், ரசீதைக் ‘கணக்கு’ என்னும் உறையிலும், பட்டியலைப் ‘பங்கு மக்கள்’ என்னும் உறையிலும் இட்டுவிட்டால் என்னாகும்? ஒரு தாளும் தொலையவில்லை. வரலாறு மட்டும் தொலைந்துவிட்டது. அப்பட்டியலில் உள்ளோர் அரிசி பெற்றவர்களா, வரி செலுத்தியவர்களா, திருமணத்துக்கு வந்தவர்களா என்று இனி எவராலும் சொல்ல இயலாது.

பாரிசுக்குச் சென்ற பெட்டிகள்

இவ்வுண்மையை ஐரோப்பா பெருத்த இழப்பின் வழியாகவே கற்றது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அரண்மனை, நீதிமன்றங்கள், துறவு மடங்கள், பிரபுக்களின் இல்லங்கள் ஆகியவற்றின் தாள்கள் அரசின் கைக்கு வந்து சேர்ந்தன. 1790-இல் தேசிய ஆவணக் காப்பகம் சட்ட உருப்பெற்றது. 1794-இல் இயற்றப்பட்ட சட்டம், ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியது. இது போற்றத்தக்க புதுமை. ஆனால் வந்து குவிந்தவற்றை எவ்வாறு அடுக்குவது? முதற்காப்பாளராகிய கமூவும், அவருக்குப் பின் 1804-இல் பொறுப்பேற்ற தொனூவும் நூலக மரபில் வளர்ந்த அறிஞர்கள். சட்டம், ஆட்சி, வரலாறு, நில உடைமை எனப் பொருள்வாரியாகப் பிரிவுகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைச் சூட்டினர். பல்வேறு மூலங்களிலிருந்து உருவியெடுத்த தாள்கள் ‘வரலாற்று நினைவுச் சின்னங்கள்’ என்ற ஒரே பிரிவில் வந்தமர்ந்தன. எந்த மடத்தின் பெட்டியிலிருந்து எந்தத் தாள் வந்தது என்னும் செய்தி பல இடங்களில் மங்கிப்போயிற்று.

நெப்போலியன் இதனை இன்னும் பெருக்கினார். கைப்பற்றிய நாடுகளின் ஆவணங்கள் அனைத்தையும் பாரிசில் ஒரே கூரையின்கீழ்க் குவிப்பது அவர் திட்டம். வியன்னாவிலிருந்தும் ஸ்பெயினின் சிமான்காசிலிருந்தும் ஆவணங்கள் வந்தன. 1809-இல் திருத்தந்தை ஏழாம் பயஸ் சிறைப்பிடிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே வத்திக்கான் ஆவணங்களும் பெட்டிகளில் அடைபட்டு வண்டிகளில் ஏறின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பாரிசைச் சென்றடைந்தன.

1814-இல் நெப்போலியன் வீழ்ந்ததும் அவற்றைத் திருப்பித்தர ஆணை பிறந்தது. ஆனால் கொண்டுசெல்லும் செலவுக்குப் போதிய பணம் இல்லை. திருத்தந்தையின் சார்பில் பாரிசில் பொறுப்பு வகித்தவர்களே, பயனற்றவை எனத் தாம் கருதிய ஏடுகளைக் கழித்துச் சுமையைக் குறைக்கும் முடிவுக்கு வந்தனர். 1815 முதல் 1817 வரை நடந்த அத்திருப்பயணத்தில் கணிசமான ஏடுகள் கிழிக்கப்பட்டன, எடைக்கு விற்கப்பட்டன, சில கடைகளில் பொட்டலம் கட்டும் தாளாயின. உரோமைப் புனித விசாரணை மன்றத்தின் தீர்ப்பேடுகள் சில பல கைமாறி, 1854-இல் அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சென்றடைந்து இன்றும் அங்கே உள்ளன. கலிலேயோவின் வழக்கேடு நெடுநாள் காணாதிருந்து, 1843-இல்தான் உரோமைக்குத் திரும்பிற்று.

இங்கு நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஏடுகளை விற்றவர்கள் பகைவர் அல்லர்; திருச்சபையின் ஊழியர்களே. அவர்களை அவ்விதம் செய்யத் தூண்டியது வெறுப்பன்று. ‘இது எதற்குப் பயன்படப் போகிறது?’ என்னும் எளிய வினா. இன்று ஒரு பங்கு இல்லத்தின் பரணைத் துப்புரவு செய்பவர் கேட்பதும் அதே வினாதான்.

கொள்கை பிறந்த கதை

திருத்தம் பிரான்சிலேயே தொடங்கிற்று. 1841 ஏப்ரல் 24 அன்று பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதனை உருவாக்கியவர் நத்தாலி தெ வையி என்னும் அறிஞர். அதன் சாரம் இது: ஒரு நிறுவனம், ஒரு சபை, ஒரு குடும்பம், ஒரு தனிமனிதர் ஆகிய எவரிடமிருந்து தாள்கள் தோன்றினவோ, அவரிடமிருந்து வந்த அனைத்தும் ஒரே தொகுதியாக நிற்க வேண்டும், அதனைப் பிறிதொரு தொகுதியோடு கலத்தல் ஆகாது. இதனை நாம் தோற்றுவாய் நெறி எனலாம். ஆற்று நீரை அதன் ஊற்றுக்கண் கொண்டு அறிவதுபோல், தாளை அது பிறந்த இடம் கொண்டு அறிதல்.

எனினும் அச்சுற்றறிக்கை, தொகுதிக்குள்ளே தாள்களைப் பொருள்வாரியாக அடுக்க இடங்கொடுத்தது. அந்தக் குறையை நீக்கியது பிரஷ்யா. 1881-இல் பெர்லின் அரசு ஆவணக் காப்பகத்துக்கென வகுக்கப்பட்ட விதிகள், ஓர் அலுவலகம் தன் தாள்களை எந்த வரிசையில் வைத்திருந்ததோ அந்த வரிசையையும் காக்க வேண்டுமென்றன. இது மூல ஒழுங்கு நெறி. 1898-இல் டச்சுக் காப்பாளர்களாகிய முல்லர், பைத், பிருயின் ஆகிய மூவரும் நூறு விதிகள் அடங்கிய கையேடு ஒன்றை வெளியிட்டு, இவ்விரு நெறிகளையும் நிலைநாட்டினர். ஒரு நிறுவனத்தின் ஆவணத் தொகுதி யாரோ விருப்பப்படி சேர்த்த தொகுப்பன்று. உயிருள்ள உடல்போல் தானே வளர்ந்த முழுமை என்பது அவர்தம் துணிபு. கையையும் காலையும் வெட்டியெடுத்து வேறு வரிசையில் வைத்தால் உடல் உடலாக இராது. 1910-இல் பிரசல்சில் கூடிய காப்பாளர்களின் அனைத்துலக மாநாடு தோற்றுவாய் நெறியை ஏற்றுக்கொண்டது.

பிரஷ்ய விதிகள் பிறந்த அதே 1881-ஆம் ஆண்டில்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, வத்திக்கான் காப்பகத்தை ஆய்வாளர்க்குத் திறந்துவிட்டார். ஓரிடத்தில் தாளின் ஒழுங்கு காக்கப்பட்டது. மற்றோரிடத்தில் தாளின் கதவு திறக்கப்பட்டது. வரலாற்று ஆய்வு இவ்விரண்டும் கூடிய நிலத்தில்தான் செழித்தது.

அடுக்கு ஒன்று, அட்டவணை பல

அங்ஙனமாயின் பொருள் வழியாகத் தேடுவோர் என் செய்வர்? பஞ்சத்தைப் பற்றி ஆராய விரும்புபவர், நூறு தொகுதிகளில் சிதறிக் கிடக்கும் தாள்களை எவ்வாறு கண்டடைவார்? இவ்வினாவுக்கு விடை, கொள்கை பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே வத்திக்கானில் செயல்வடிவில் இருந்தது. 1751 முதல் அக்காப்பகத்தின் தலைவராக விளங்கிய ஜுசெப்பே கரம்பி, உலகின் மறைமாவட்டங்கள் அனைத்தின் வரலாற்றையும் எழுத எண்ணினார். அதற்காக அவரும் உதவியாளர்களும் ஏடு ஏடாகப் படித்து, பெயர், இடம், ஆண்டு, பொருள் ஆகியவற்றைச் சிறு சீட்டுகளில் குறித்தனர். அச்சீட்டுகள் ஏறத்தாழ எட்டு இலட்சம். பிற்காலத்தில் அவை பெரிய ஏடுகளில் ஒட்டப்பட்டன. ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகின்றனர்.

கரம்பி எண்ணிய பெருநூல் நிறைவேறவில்லை. ஆனால் அவருடைய சீட்டுகள் நிலைத்தன. தாள்களைப் பெயர்க்காமலேயே அவற்றைப் பற்றிய குறிப்புகளை எத்தனை வகையாகவும் வரிசைப்படுத்தலாம் என்பதை அவை மெய்ப்பித்தன. ஒரு தாள் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். அதனைச் சுட்டும் சீட்டுகள் நூறிடத்தில் இருக்கலாம். அடுக்கு வேறு, அட்டவணை வேறு. பொருள்வாரியாகத் தேட வேண்டுமா? அட்டவணையை மாற்றுக, அடுக்கைத் தொடாதேயுங்கள் என்பதே காப்பகக் கலையின் முதற்பாடம்.

விவரணம் என்னும் பணி

ஒழுங்குபடுத்தியதும் அடுத்த பணி விவரித்தல். இதற்கென அனைத்துலக ஆவணக் காப்பக மன்றம் 1994-இல் ஒரு பொதுத் தரத்தை வெளியிட்டது. அதன் திருந்திய பதிப்பு 2000-இல் வந்தது. இருபத்தாறு கூறுகள் அதிலுண்டு. எங்கும் விடுபடலாகாதவை ஆறு: அடையாளக் குறியீடு, தலைப்பு, தோற்றுவித்தவர் பெயர், காலம், அளவு, எந்தப் படிநிலையில் விவரிக்கிறோம் என்னும் குறிப்பு.

படிநிலை என்பது இங்கு உயிரானது. காப்பாளர் தனித்தாளிலிருந்து தொடங்குவதில்லை, முழுமையிலிருந்து தொடங்குகிறார். முதலில் தொகுதி: ‘இன்ன பங்கின் ஆவணங்கள், இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, பன்னிரண்டு பெட்டிகள்’. அப்பங்கு எப்போது தோன்றியது, எந்தெந்தக் கிளைக் கிராமங்கள் அதனோடு சேர்ந்திருந்து பின்னர்ப் பிரிந்தன என்னும் வரலாறும், தாள்கள் யார் கைவழியாக வந்தன என்னும் செய்தியும் இங்கே இடம்பெறும். அடுத்து வரிசை: பதிவேடுகள், ஆயரோடு நடந்த கடிதப் போக்குவரத்து, பள்ளிக் கணக்கு, அன்பியக் கூட்டக் குறிப்புகள் என்பன. அதன்பின் கோப்பு, தேவையாயின் தனித்தாள். மேற்படியில் ஒருமுறை சொன்னதைக் கீழ்ப்படியில் மீண்டும் சொல்லவேண்டுவதில்லை. ஊரை அறிந்தபின் தெருவும், தெருவை அறிந்தபின் வீடும் காண்பதைப் போன்றதே இம்முறை.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. ஒவ்வொரு தாளையும் விவரித்த பின்பே கதவைத் திறப்போம் என்று காத்திருந்தால், பெரும்பாலான பெட்டிகள் நம் வாழ்நாளில் திறவா. முழுத் தொகுதிக்கும் ஒரு பக்கத்தில் தெளிவான விவரணம் எழுதி வைத்தாலே, தேடுவோர் பாதி வழி வந்துவிடுவர். 2005-இல் அமெரிக்கக் காப்பாளர்களாகிய கிரீன், மைஸ்னர் இருவரும் இக்கருத்தை வலியுறுத்தி எழுதிய கட்டுரை, தேங்கிக் கிடந்த பெட்டிகளைப் பற்றிய சிந்தனையைப் பல நாடுகளில் தூண்டிற்று.

‘கோவா’வில் உறையும் மதுரை

தோற்றுவாய் நெறியின் வலிமையை நம் வரலாற்றோடு தொடர்புடைய ஒரு சான்றால் விளக்கலாம். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தொடங்கி, பழைய மதுரைப் பணித்தளத்தில் உழைத்த இயேசு சபையினர் தம் தலைவர்க்கு மடல்கள் எழுதிவந்தனர். பதினேழாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் அரசியல், சாதி, பஞ்சம், வழக்காறு ஆகியவற்றை ஆராய்வோர்க்கு அவை அரிய மூலங்கள். அவற்றுள் பெரும்பகுதி உரோமையில் உள்ள இயேசு சபைக் காப்பகத்தில் இருக்கிறது. ஆனால் ‘மதுரை’ என்று பெயர் பொறித்த அலமாரியைத் தேடிச் செல்பவர் ஏமாறுவார். அம்மடல்களுள் மிகப்பல ‘கோவா’ என்னும் வரிசையின் ஏடுகளில் உள்ளன.

காரணம் எளிது. மதுரைப் பணித்தளம் இயேசு சபையின் மலபார் மாநிலத்தைச் சேர்ந்தது. கோவா, மலபார் ஆகிய மாநிலங்களின் தாள்கள் உரோமையில் ஒரே வரிசையில் வைத்துப் பேணப்பட்டன. ஆகவே ஆய்வாளர் ‘இது எதைப் பற்றியது?’ என்று கேட்பதற்கு முன், ‘யார் எழுதினார்? எந்த அதிகாரத்தின்கீழ் எழுதினார்? யாருக்கு அனுப்பினார்?’ என்று கேட்கப் பழக வேண்டும். அங்ஙனம் கேட்டால் அலமாரி தானே வழிகாட்டும். யாரேனும் ஒருவர் நல்லெண்ணத்தோடு அம்மடல்களை உருவியெடுத்து ‘மதுரை’ எனத் தனியே அடுக்கியிருந்தால், நொபிலியின் முறைகளைப் பற்றிக் கோவாவில் எழுந்த எதிர்ப்பும் உரோமை தந்த விடையும் அவர் மடலுக்கு அண்டையில் இராமல் போயிருக்கும். 1837-க்குப் பின் பிரெஞ்சு இயேசு சபையினரால் மீண்டும் தொடங்கப்பெற்ற மதுரைப் பணியின் தாள்களைத் தேடுவோர்க்குக் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் உள்ள இயேசு சபைக் காப்பகம் கருவூலமாகத் திகழ்கிறது. பழைய பணியின் மடல்கள் உரோமையிலும், புதிய பணியின் தாள்கள் நம் மலைமீதும் இருப்பதற்குக் காரணம், அவை தோன்றிய அமைப்புகளின் வேறுபாடே.

தனிமனிதர் தாள்கள்

அலுவலகத்துக்குப் பதிவெண் உண்டு, எழுத்தர் உண்டு. தனிமனிதருக்கு இவை இல்லை. ஆகவே அவர் தாள்களைப் பேணுவது இன்னும் நுட்பமான பணி. கர்தினால் நியூமன் இதில் அரிய விதிவிலக்கு. அவர் தம் கடிதங்களைப் பல்லாண்டுகள் தாமே வரிசைப்படுத்தி, பலவற்றைப் படியெடுத்து, ஓரங்களில் விளக்கக் குறிப்பும் எழுதி வைத்தார். பர்மிங்காம் ஓரட்டரியில் நின்ற அத்தாள்களை அடிப்படையாகக் கொண்டு அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் முப்பத்திரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. அவர் வைத்த ஒழுங்கே அவர் மனத்தின் ஒரு சான்று. எதனை எதனோடு சேர்த்து வைத்தார் என்பதும் அவர் கூற்றே.

சாமிநாதையரோ தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்தார். அவர் பெயரால் சென்னையில் 1943-இல் தோன்றிய நூல்நிலையம் அவற்றைக் காத்துவருகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவரிடம் எஞ்சுபவை பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்களே. அவர் எழுதியவை பெற்றவர்களின் பெட்டிகளில் இருக்கும். எனவே ஒரு பேரறிஞரின் குரலைக் கேட்க நாம் நூறு எளியவர்களின் பரண்களை நாட வேண்டியிருக்கிறது. எளியவர் ஒருவரின் பெட்டி அழிந்தால், பெரியவர் ஒருவரின் சொல்லும் உடன் அழிகிறது.

ஒழுங்கே இல்லாமல் சாக்கில் அள்ளிப்போட்ட நிலையில் தாள்கள் வருவதும் உண்டு. அப்போது காப்பாளர் தாமே ஓர் ஒழுங்கை அமைக்க வேண்டியதாகிறது. அதில் தவறில்லை. ஆனால் ‘இவ்வொழுங்கு நம்மால் அமைக்கப்பட்டது; தோற்றுவித்தவர் வைத்ததன்று’ என்று விவரணத்தில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். பிற்காலத்தவர் நம் கைவேலையை மறைந்தவரின் கருத்தென்று மயங்கலாகாது.

விவரிப்பவரின் மனச்சான்று

ஒழுங்கைக் காப்பதால் மட்டும் உண்மை முழுதும் காக்கப்பட்டுவிடுமா? இல்லை. தோற்றுவித்தவர் பெயரால் தொகுதிக்குப் பெயரிடும்போது, எழுதும் அதிகாரம் இருந்தவரின் பெயரே மேலே நிற்கிறது. மறைப்பணியாளரின் மடலில் ‘என் உபதேசியார்’ என்று ஒரே சொல்லாய் நிற்பவர், ஊர் ஊராய் நடந்து மக்களுக்குக் கற்பித்தவராய் இருக்கலாம். பள்ளியின் கோப்புகள் தாளாளர் பெயரில் இருக்கும். முப்பது ஆண்டுகள் அங்குப் பாடம் சொன்ன ஆசிரியை ஊதியப் பட்டியலில் மட்டும் தென்படுவார். விவரணத்தில் இடம்பெறாத பெயரைத் தேடுவோர் காண்பதில்லை. அடுக்கை மாற்றாமலேயே இவர்களுக்கு இடமளிக்க இயலும். அட்டவணையில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் வெறும் அலுவலகக் காரியமன்று, நீதியின் பாற்பட்டது.

ஒரு தாளுக்கு ஒரே தோற்றுவாய்தான் உண்டா என்ற கேள்வியும் எழுந்துள்ளது. அலுவலகங்கள் பெயர் மாறுகின்றன. ஒன்றின் பணி இன்னொன்றுக்குச் செல்கிறது. கோப்பும் உடன் செல்கிறது. ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஸ்காட் 1966-இலேயே இதனை எடுத்துக்காட்டி, ஒரே வரிசையைப் பல அலுவலகங்களோடு இணைத்து விவரிக்கும் முறையை முன்வைத்தார். 2023-இல் அனைத்துலக மன்றம் வெளியிட்ட புதிய தரம், தாள்களையும் மனிதர்களையும் நிறுவனங்களையும் பணிகளையும் ஒன்றோடொன்று பின்னிய உறவுகளாகவே காண்கிறது. ஒற்றை மரம்போல் கண்ட நிலை மாறி, வேர்கள் பின்னிய தோப்பாகக் காணும் நிலை வந்துள்ளது.

காப்பதற்கும் காட்டுவதற்கும் இடையிலுள்ள எல்லையையும் விவரணம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வத்திக்கான் காப்பகத்தின் பெயரில் இருந்த இலத்தீன் சொல்லுக்குத் ‘தலைவருக்கே உரிய’ என்பது பழைய பொருள். காலப்போக்கில் உலகம் அதனை ‘இரகசியம்’ என்றே கொண்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 அக்டோபரில் அப்பெயரை ‘திருத்தூது ஆவணக் காப்பகம்’ என மாற்றினார். 2020 மார்ச் 2 அன்று, 1939 முதல் 1958 வரை ஆட்சி செய்த பன்னிரண்டாம் பயஸ் காலத்துத் தாள்கள் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டன. அப்போரின் நடுவே திருச்சபை என்ன அறிந்திருந்தது, என்ன செய்தது என்னும் வினாக்களுக்கு, வாதங்களைவிடத் தாள்களே தக்க சான்றாகும். ‘இன்ன கோப்பு இன்ன ஆண்டு வரை மூடப்பட்டுள்ளது’ என்று எழுதி வைப்பது நேர்மை. அப்படியொரு கோப்பு இருப்பதையே எழுதாமல் விடுவது அதற்கு மாறானது.

நம் பரணில் இருப்பவை

திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாக உள்ளது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 491-ஆம் சட்டம், பங்குகள் முதலியவற்றின் ஆவணங்கள் கருத்தாகப் பேணப்படவும், அவற்றின் பட்டியல் இரண்டு படிகளாக எழுதப்பட்டு, ஒன்று அந்தந்த ஆலயத்திலும் மற்றொன்று மறைமாவட்டக் காப்பகத்திலும் வைக்கப்படவும் ஆயர் ஆவன செய்ய வேண்டும் என்கிறது. 535-ஆம் சட்டம் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகளைப் பற்றிக் கூறி, பழைய பதிவேடுகளையும் கவனமாகக் காக்கப் பணிக்கிறது. 1997-இல் உரோமை வெளியிட்ட சுற்றுமடல் ஒன்று, ஆவணக் காப்பகங்களைப் பேணுவது மேய்ப்புப்பணியின் ஒரு பகுதி என்று விளக்கிற்று.

இவற்றைச் செயற்படுத்தப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்தவுடன் கட்டை அவிழ்க்காதிருத்தல் முதற்பணி. அது எங்கே, யாருடைய அலமாரியில், எந்நிலையில் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே இடுதல் அடுத்தது. துருவேறும் குண்டூசியை நீக்கலாம். ஆனால் அது சேர்த்துப் பிடித்த தாள்களை ஒரே மடிப்புக்குள் வைத்தே நீக்க வேண்டும். கடித உறையை எறிவதும், அஞ்சல்தலையை வெட்டியெடுப்பதும் ஆகாது. நாள் குறிக்காத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரையே பல வேளைகளில் காலம் காட்டும். பெட்டிக்கு எண்ணிட்டு, உள்ளிருப்பதை ஒரு பக்கத்தில் எழுதி, அதன் படியை வேறிடத்தில் வைத்துவிட்டால், நூறு விதிகளின் சாரத்தை நாம் நிறைவேற்றியவராவோம்.

இன்று கடிதங்கள் கைப்பேசிக்குள் சென்றுவிட்டன. மறவாச்சொல் அறிந்தவர் மறைந்தால், பெட்டி நம் கையிலிருந்தும் திறவுகோல் இல்லாத நிலை. அச்செய்திகளும் தம் சுற்றத்தோடுதான் பொருள்படும். பதிலில்லாத கேள்வியும், கேள்வியில்லாத பதிலும் திரையிலும் ஊமைகளே. ஆதலின் சபைகளும் சங்கங்களும் தம் அலுவல் மடல்களை ஆண்டுதோறும், இருந்த வரிசையிலேயே, தனியே சேமித்து வைக்கும் வழக்கத்தை இப்போதே மேற்கொள்ளல் நன்று.

பாரிசின் கடைகளில் பொட்டலம் கட்டிய தாள்களில் யார் யாருடைய பெயர்கள் இருந்தன என்பதை இனி ஒருவரும் அறியார். நம் ஆலயங்களின் பரண்களிலும் முன்னோர் வீட்டுப் பெட்டிகளிலும் உள்ள பெயர்கள் இன்னும் அந்நிலையை அடையவில்லை. நூலால் கட்டிய அந்த நான்கு தாள்களுக்குள் நாற்பது குடும்பங்கள் பசியாறிய செய்தி இருக்கக்கூடும். அதனைப் படிக்க வேண்டியவர் நாமாக இல்லாதிருக்கலாம். நம் பேரர் காலத்து ஆய்வாளர் ஒருவராக இருக்கலாம். அவர் வந்து அவிழ்க்கும் வரை அந்தக் கட்டு அப்படியே இருக்கட்டும்.